டி. விசுவநாதன்: எழுத்தும் ஒலிப்பதிவும்

டி. விசுவநாதன் (ஆகஸ்டு 13, 1927 – செப்டம்பர் 10, 2002) கருநாடக இசைப் புல்லாங்குழல் கலைஞரும் இசை ஆய்வாளரும் ஆவார். இவர் வீணை தனம்மாளின் பேரர். நடனக் கலைஞர் பாலசரசுவதி, மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதன் ஆகியோரின் தம்பி. சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைவராகவும், பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழக ஆசிரியராகவும் பணியாற்றினார். செவிவழியாகவே கைமாறி வந்த ஒரு குடும்பத்தின் இசையை எழுத்திலும் ஒலிப்பதிவிலும் பதிந்து வைத்தது இவரது பணிகளுள் முதன்மையானது.

குடும்பமும் குருவும்

தனம்மாள் (1867–1938) மரபின் சிறப்பு பதங்களும் ஜாவளிகளும் ஆகும். க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களுடன், இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள உடையார்பாளையம் ஜமீனின் ஆதரவில் வாழ்ந்த கனம் கிருஷ்ணையரின் தமிழ்ப் பதங்களும் இம்மரபில் இடம்பெற்றன. (கிருஷ்ணையர் உ. வே. சாமிநாதையரின் உறவினர், அவரைப் பற்றி உ. வே. சா. தனி நூலே எழுதியுள்ளார்.) இப்பாடல்களைக் குடும்பத்தார் எளிதில் வெளியாருக்குக் கற்பிப்பதில்லை. ஆகவே கற்றவர் மறைந்தால் பாடலும் மறையக்கூடிய நிலை இருந்தது.

விசுவநாதனின் குரு திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை. குருவின் தந்தையான நாகசுரக் கலைஞர் நடராஜசுந்தரம் பிள்ளை, முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை 1936இல் சுரக்குறிப்புடன் அச்சிட்டவர். எனவே இசையை எழுதி வைக்கும் வழக்கம் விசுவநாதனுக்குக் குருவழியில் முன்பே இருந்தது எனலாம்.

குழலில் சொற்கள் ஒலிப்பதில்லை. ஆயினும் பாடலின் சொல் எங்கு தொடங்கி எங்கு முடிகிறதோ, அதற்கேற்பவே இவர் வாசித்தார். கச்சேரியில் குழலைத் தாழ்த்திவிட்டு அவ்வரியைத் தாமே பாடிக் காட்டுவதும் உண்டு.

பல்கலைக்கழகப் பணி

1958 முதல் 1960 வரை ஃபுல்பிரைட் உதவித்தொகையில் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1961இல் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவரானார். ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்க மாணவர் 1964இல் சென்னைக்கு வந்து இவரிடம் பாட்டுப் பயின்றார். பின்னாளில் ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என அறியப்பட்டவர் இவரே.

1960களின் நடுப்பகுதியில் சென்னைப் பதவியை விட்டு மீண்டும் அமெரிக்கா சென்றார். 1975 முதல் மறையும் வரை கனெடிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் உள்ள வெஸ்லியனில் கற்பித்தார். அங்கு ரங்கநாதன் 1963இலேயே மிருதங்கம் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். 1976 முதல் அங்கு நவராத்திரி விழா நடைபெற்று வருகிறது. வளாகக் கச்சேரிகளின் ஒலிப்பதிவுகள் அப்பல்கலைக்கழக நூலகத்தின் உலக இசை ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

கமகத்தை எழுதுதல்

இவரது முனைவர் பட்ட ஆய்வேடு (1975) தென்னிந்திய இசையின் இராக ஆலாபனை பற்றியது. இதில் அவர் எதிர்கொண்ட சிக்கல் எளிதில் விளங்கக் கூடியதே. தோடி இராகத்தின் காந்தாரத்தைச் சுரக்குறிப்பில் ‘க’ என்று மட்டுமே எழுதுவர். பாடும்போதோ அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே அசைகிறது. குறிப்பை மட்டும் பார்த்து வாசிப்பவருக்குத் தோடி வராது. முன்பே கற்றவருக்கு அக்குறிப்பு நினைவூட்டல். கல்லாதவருக்கு அது வெறும் எழுத்து.

இக்குறையை நீக்க எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் தமது ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் (1904) கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளைத் தந்தார். விசுவநாதன் அவற்றின் பெயர்களைத் தொடர்ந்து, நழுவுதல் (ஜாரு), அசைத்தல் (நொக்கு, கம்பிதம் முதலியன), விரலால் அழுத்தம் தருதல் (ஸ்புரிதம், கண்டிப்பு முதலியன) என மூன்று பெரும் பிரிவுகளாக வகைப்படுத்தினார். 1977இல் ‘ஏசியன் மியூசிக்’ இதழில் வந்த இவரது கட்டுரை ஆய்வாளர்களால் இன்றும் எடுத்தாளப்படுகிறது. எனினும் எவ்வளவு நுணுக்கமான குறியீடும் ஒலிநாடாவுக்கு ஈடாகாது. இவரது எழுத்துகளையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

விருதுகளும் நூலும்

1988இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும், 1992இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருதும் பெற்றார்.

மாணவர் மேத்யூ ஆலனுடன் இணைந்து எழுதிய தென்னிந்திய இசை பற்றிய ஆங்கில நூலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம், இவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2004இல், குறுந்தகடு ஒன்றுடன் வெளியிட்டது.