அறுபது விநாடி அவகாசம்

வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் நின்று விழித்த அனுபவம் பலருக்கும் உண்டு. தொலைவிலுள்ள கம்ப்யூட்டரைப் பராமரிக்கிறவர்களுக்கும் இதே கதி நேர்வதுண்டு. வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் 'ஃபயர்வால்' விதிகளில் ஒரு வரி பிசகினால் போதும். எழுதியவரையே அது வெளியே தள்ளிவிடும். திருத்தவும் உள்ளே போக முடியாது. பெங்களூரில் இருப்பவர் மும்பைக்கு ஆளனுப்ப வேண்டியதுதான்!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஷோர்லைன் என்ற ஊரைச் சேர்ந்த டாம் ஈஸ்டெப் லினக்ஸுக்காக உருவாக்கி, மூல நிரலோடு இலவசமாகவே வழங்கிய 'ஷோர்வால்' இதற்கு ஒரு வழி செய்தது. 'சேஃப்-ரீஸ்டார்ட்' என்று கட்டளையிட்டால், பழைய விதிகளைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதியவற்றை அமலாக்கும். பிறகு, இவற்றை ஏற்கலாமா என்று கேட்கும். 60 விநாடிக்குள் பதில் வராவிட்டால் பழைய விதிகளே திரும்பிவிடும். பதில் வராததே ஆள் வெளியே மாட்டிக்கொண்டதற்கு அடையாளம்! எளிய யோசனைதான், ஆனால், ஒருமுறை பட்டவருக்குத்தான் இது தோன்றும்.

4.5.0 பதிப்பில், இந்த அவகாசத்தை நிமிடக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ நீட்டிக்கொள்ளவும் வசதி செய்தார்கள். இதே வேலையைச் செய்யும் 'ஐபிடேபிள்ஸ்-அப்ளை' என்ற இன்னொரு கருவி, நாமாக மாற்றாதவரை, 10 விநாடிதான் காத்திருக்கும். நிதானமாகத் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க!