பதினெட்டரை மணி நேரம்

செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவது சமணர்களின் பழைய வழக்கம். சீக்கிரம் உண்டு, சீக்கிரம் படுத்து, விடிந்ததும் சாப்பிடும் பெரியவர்களுக்கு அது பொருந்திப்போகும். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கணக்கு வேறு. மாலை 6 மணிக்குச் சாப்பிட்டு, 11 வரை படித்து, காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இட்லியைத் தொடாமல் ஓடினால், அடுத்த சோறு மதியம் 12.30க்குத்தான். நடுவில் பதினெட்டரை மணி நேரம். ஒற்றைத் தலைவலி உள்ள பிள்ளைக்கு அது போதும்.

வழக்கத்தின் மேல் குற்றமில்லை. ரமலான் நோன்பிலும் யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பிலும் வரும் தலைவலியை மருத்துவர்கள் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒற்றைத் தலைவலி உள்ள மூளைக்குப் பட்டினியைவிட ஒழுங்கு தவறுவதுதான் ஆகாது. தூக்கம் கெட்டாலும் வலி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினாலும் வலி. செஞ்சிக் கோட்டைப் பாறையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் வெயில், பரீட்சைப் பதற்றம், மாதவிலக்கு எல்லாம் இதே கதைதான்.

இன்னொன்று நம் ஊரில் கவனிக்கப்பட்டது. மும்பை நரம்பியல் மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்ததும் ஒற்றைத் தலைவலி வந்த 94 இந்தியர்களைப் பற்றி 2006இல் எழுதினார். வெள்ளிக்கிழமை ஈரம் காயாத கூந்தலைப் பின்னிக்கொண்டு கிளம்பும் பெண்கள் இதை எப்போதோ சொல்லியிருப்பார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

வளரிளம் பருவத்தினரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வயதுக்கு வரும் முன் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். பிறகு பெண்களுக்கே அதிகம். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வொன்று (2015), ஓராண்டில் நாலில் ஒருவருக்கு வந்ததாகச் சொன்னது. அதிலும் நகரத்தைவிடக் கிராமத்தில் கூடுதல்.

பிள்ளைகளிடம் பெயரே ஏமாற்றும். 'ஒற்றை' என்கிறோம்; அவர்களுக்கோ நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும் வலிக்கும். வாந்தி எடுத்தால் பித்தம் என்போம். சிலருக்கு வலிக்கு முன் கண்ணெதிரே மின்னும் கோடுகள் நகரும். மூளையின் மேற்பரப்பில் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊரும் மின் அலையின் தடம் அது. பிரேசில் ஆய்வாளர் லியாவ் 1944இல் முயல் மூளையில் கண்டுசொன்ன அலை. எறும்பு இதைவிட வேகமாக ஊரும்!

வலிக்குப் பல மணி நேரம் முன்பே கொட்டாவி வரும், கழுத்து பிடிக்கும், சிலருக்கு இனிப்பு தின்னத் தோன்றும். சாக்லேட் தின்றதால் தலைவலி என்று திட்டுகிறோமே, தலைவலி தொடங்கிவிட்டதால்தான் சாக்லேட் கேட்டிருக்கலாம்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, இரட்டைப் பார்வை, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். மற்றபடி, பெஞ்சில் தலை சாய்த்த பிள்ளையை எழுப்பி நிற்கவைக்கும் முன், காலையில் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், டீச்சர்.