பாதியில் நிற்கிறதா உங்கள் கதை? முடிச்சு எங்கே என்று பாருங்கள்!

நிறையப் பேருடைய மொபைலில், மளிகை லிஸ்ட்டுக்கும் கேஸ் புக்கிங் நம்பருக்கும் நடுவே ஒரு பாதிக் கதை கிடக்கும். முதல் இரண்டு பக்கம் விறுவிறுவென்று வந்திருக்கும். கதாநாயகி பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். ஆறு மாதமாக அந்த பஸ் நகரவே இல்லை.

எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு இப்படி நேர்ந்தால் கேட்க ஆள் உண்டு. பத்திரிகையிலிருந்து போன் வரும், பதிப்பாளர் நச்சரிப்பார். பொழுதுபோக்காக எழுதுபவரை யாரும் கேட்பதில்லை. ஆபீஸ், சமையல், பிள்ளைகளின் ஹோம்வொர்க் எல்லாம் முடிந்த பிறகு தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட ஒரு மணி நேரம் அது. அதில் கதை நின்றுபோனால் வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போய், 'நமக்கெல்லாம் எழுத வராது' என்ற முடிவில் போய் நிற்கும். ஒரு நல்ல கதைசொல்லி காணாமல் போவது பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான்.

'எழுத வரவில்லை' என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்றவுடன் எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாது. காரணம் என்னவென்று பார்த்தால்தான் மருந்து பிடிக்கும்.

பெயர் வைத்தவர் ஒரு மனநல மருத்துவர்

இந்தச் சிக்கலுக்கு 'ரைட்டர்ஸ் பிளாக்' என்று பெயர் சூட்டியவர் எட்மண்ட் பெர்க்ளர். ஆஸ்திரியாவிலிருந்து நியூயார்க் சென்று குடியேறிய மனநல மருத்துவர். 1940-களில் அவர் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால், பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே சிக்கல் இருந்திருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், எழுத முடியாமல் தவிப்பதைப் பற்றி 1800-களின் தொடக்கத்திலேயே தன் குறிப்பேட்டில் புலம்பியிருக்கிறார்.

தமிழிலும் பெரியவர்கள் இதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் வந்தது. இரண்டாவது நாவலான 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது 1981-ல். நடுவில் சில வருடங்கள் அவர் எழுதாமலே இருந்தார். ஆகவே, கதை நிற்பதை வைத்துத் திறமையை அளக்க வேண்டியதில்லை.

சரி, முடிச்சு எங்கெங்கே விழுகிறது?

முடிச்சு 1: உள்ளே உட்கார்ந்திருக்கும் நீதிபதி

ஒரு வரி எழுதுவது, படித்துப் பார்ப்பது, 'சே, நன்றாக இல்லை' என்று அழிப்பது. மறுபடி ஒரு வரி, மறுபடி அழிப்பு. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் திரை வெள்ளையாக இருக்கும். ஏராளமாகக் கதை படித்தவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். நல்ல எழுத்து எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தன் கை அந்த உயரத்தை இன்னும் தொடவில்லை என்பதும் தெரியும்.

எழுதுவதும் திருத்துவதும் இரண்டு தனித்தனி வேலைகள். மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போதே தோசையை ருசி பார்க்க முடியாது. முதல் தடவை எழுதும்போது அழிக்கும் பட்டனைத் தொடவே கூடாது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

இதையே ஒரு திருவிழாவாக்கிக் காட்டியவர்கள் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் 21 பேர். 1999-ல் கிறிஸ் பேட்டி என்பவரும் அவர் நண்பர்களும் ஒரே மாதத்தில் ஆளுக்கு 50,000 வார்த்தையில் ஒரு நாவல் எழுதுவது என்று போட்டி வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1,667 வார்த்தைகள். தரம் பார்க்க நடுவர் கிடையாது. எண்ணிக்கையை எட்டினால் வெற்றி. அந்த விளையாட்டு 'நானோரைமோ' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவி, லட்சக்கணக்கானவர்களை எழுத வைத்தது. அதை நடத்திய அமைப்பு 2025-ல் மூடப்பட்டாலும், அந்த வழியைப் பின்பற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை. பின்னாளில் சினிமாவாகவும் வந்த சாரா குருயனின் 'வாட்டர் ஃபார் எலிஃபன்ட்ஸ்' நாவல், முதலில் இப்படி ஒரு நவம்பர் மாதத்தில் அவசர அவசரமாக எழுதப்பட்டதுதான்.

வேலைக்கும் போய், வீட்டையும் பார்ப்பவருக்கு 1,667 என்பது பெரிய எண். 150 போதும். பத்து நாளில் 1,500 வார்த்தைகள். ஒரு சிறுகதைக்கு அது தாராளம்.

முடிச்சு 2: அடுத்து என்ன?

எழுத ஆசை இருக்கிறது, நேரமும் இருக்கிறது, ஆனால் கதை எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. இங்கே பிரச்னை மனத்தில் இல்லை, கதையில்தான் இருக்கிறது. பஸ்ஸில் ஏறிய பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அவளுக்கு என்ன வேண்டும்? அதை யார் தடுக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் பஸ் நகராது.

ஒரு தாளில் 'அடுத்து என்ன நடக்கலாம்?' என்று எழுதி, பத்துப் பதில்களை வரிசையாகப் போடலாம். முதல் மூன்று, எங்கோ பார்த்த சினிமாவாக இருக்கும். பக்கத்து சீட்டில் பழைய காதலன், பையில் யாரோ வைத்த பணக்கட்டு, இப்படி. ஏழாவது, எட்டாவது பதிலுக்கு வரும்போதுதான் சொந்தச் சரக்கு வெளியே வரும். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் தான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளோ? ஏன்? அங்கே கதை பிறந்துவிடும்.

இன்னொரு வழி, வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுவது. கடைசிக் காட்சி மனத்தில் தெளிவாக இருந்தால் அதை முதலில் எழுதிவிடலாம். அப்படியும் வரவில்லையென்றால், இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் ஒரு கேரக்டர் சட்டென்று சமாதானமாகியிருக்கும். சிக்கல் அங்கே விழுந்திருக்கும். கதை நின்றது மட்டும்தான் இங்கே.

நாளைக்கு நிற்காமலிருக்க எர்னெஸ்ட் ஹெமிங்வே ஒரு வழி வைத்திருந்தார். அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்திவிடுவார். பசி கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே இலையை விட்டு எழுவது மாதிரி. தொடர்கதைக்குப் பழகிய தமிழ் வாசகர்களுக்கு இது எளிதாகப் புரியும். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வன்', 'தொடரும்' போட்ட இடங்களில்தானே வாசகர்களைத் தவிக்க வைத்தது? அந்தத் தவிப்பை எழுதுபவரும் தனக்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளலாம்.

முடிச்சு 3: தொட்டி காலி

சில சமயம் மோட்டாரில் குறை இருக்காது. தொட்டியில் தண்ணீர் இருக்காது. அதே வீடு, அதே ஆபீஸ், அதே மொபைல். புதிதாக எதுவும் காதில் விழவில்லையென்றால் எழுத எதுவும் மிஞ்சாது.

கி.ராஜநாராயணனின் கதைகளில் கரிசல் காட்டு மனிதர்களின் பேச்சு அப்படியே கேட்கும். விவசாயியாக வாழ்ந்து, சுற்றியிருந்தவர்களின் சொற்களைக் காது கொடுத்துக் கேட்டு, கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு அகராதியே தொகுத்தவர் அவர். ரேஷன் கடை வரிசையிலும், கல்யாணப் பந்தியிலும், ஆஸ்பத்திரி வராண்டாவிலும் தினமும் இப்படி எத்தனையோ வரிகள் நம் காதைத் தாண்டிப் போகின்றன. ஒரு நாளைக்கு ஒன்றைக் குறித்து வைத்தால், மாதக் கடைசியில் முப்பது கதை விதைகள்.

நடப்பதும் உதவும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்லி ஒப்பேசோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதிய யோசனைகள் சராசரியாக 60 சதவிகிதம் அதிகமாக வந்தன. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. அப்படியானால் மொட்டை மாடியே போதும். ஆனால், காதில் ஹெட்போன் வேண்டாம்.

முடிச்சு 4: மனம் கனக்கும்போது

இது மற்றவை போல் இல்லை. ஆர்.கே.நாராயணின் மனைவி ராஜம் 1939-ல் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். கையில் சிறு பெண் குழந்தை. அதற்கு முன் வருடம்தான் அவருடைய மூன்றாவது நாவல் வெளிவந்திருந்தது. அடுத்த நாவல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' வர 1945 ஆகிவிட்டது. மனைவியை இழந்த ஓர் ஆசிரியரின் கதை அது. எழுத விடாமல் செய்த துக்கமே, ஆறு வருடம் கழித்து நாவலாக வந்தது.

அகதா கிறிஸ்டிக்கு அப்படிக் காத்திருக்க வழியில்லை. 1926-ல் அம்மா இறந்தார். அதே வருடம் கணவர் விவாகரத்து கேட்டார். பணத் தேவை நெருக்க, எழுதும் ஆசையே இல்லாமல் எழுதி முடித்த நாவல் 1928-ல் வந்த 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ ட்ரெய்ன்'. அந்தப் புத்தகம் அவருக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. பொழுதுபோக்கு எழுத்தாளராக இருந்த தான் தொழில்முறை எழுத்தாளராக மாறியது அப்போதுதான் என்று சுயசரிதையில் சொல்கிறார்.

பொழுதுபோக்காக எழுதுபவரிடம், கிறிஸ்டிக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. அவர் காத்திருக்கலாம். வீட்டில் ஒரு சாவு, நோய், வேலை இழப்பு என்று வந்தால் கதையைச் சில மாதம் மூடி வைப்பதில் தவறே இல்லை. கதைக்குப் பதில் டைரியில் நாலு வரி, போனவருக்கு ஒரு கடிதம் என்று எழுதினாலும் கை பழக்கம் விடாமல் இருக்கும். தூக்கம் கெட்டு, எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் நீண்டால், அது எழுத்துப் பிரச்னை இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முடிச்சு 5: நேரமே இல்லை

19-ம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலப், தபால் துறை அதிகாரி. காலை 5.30-க்கு மேசைக்கு வந்துவிடுவார். எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, 15 நிமிடத்துக்கு 250 வார்த்தை என்று எழுதுவார். பிறகு ஆபீஸ். இப்படியே 47 நாவல்கள். அவரை எழுப்பி காபி கொடுப்பதற்காகவே வேலைக்காரர் ஒருவருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம்! நம் சுஜாதாவும் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்துகொண்டேதான் பல கதைகளை எழுதினார்.

டிரோலப்புக்கு எழுப்பிவிட ஆள் இருந்தார். இங்கே பலர் அடுத்தவருக்குக் காபி போடவே ஐந்தரைக்கு எழுகிறார்கள். அவர்கள் முழு மணி நேரத்துக்குக் காத்திருந்தால் கிடைக்கவே கிடைக்காது. கால் மணி நேரம், ஆனால் தினமும் அதே நேரம் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்து வரும்.

இன்றைக்கே தொடங்க…

1. நின்றுபோன கதையைத் திறந்து முழுதாகப் படியுங்கள். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள்.

2. ஐந்தில் எந்த முடிச்சு என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

3. மொபைலில் 15 நிமிடம் அலாரம் வையுங்கள். இன்டர்நெட்டை அணைத்துவிடுங்கள்.

4. டைப் செய்யக் கை வரவில்லையா? யாருக்கோ கதை சொல்வதுபோல் பேசிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் எழுத்தாக்கிக்கொள்ளலாம்.

5. அலாரம் அடித்ததும், நடு வரியாக இருந்தாலும் நிறுத்துங்கள். நாளைக்கு அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.

6. கதை முடியும் வரை பாதிப் பிரதியை யாரிடமும் அபிப்பிராயத்துக்குக் கொடுக்காதீர்கள்.

எழுதுபவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அந்தக் கால் மணி நேரத்தில் 'சாவி எங்கே, சாக்ஸ் எங்கே' என்று கூப்பிடாமல் இருக்க வேண்டும். எழுத்துப்பிழை காட்ட வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். வாரம் ஒரு தடவை, 'அந்தக் கதையில அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டால் போதும். கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால், சொல்பவருக்குக் கதை தானாக வரும்.