நீரிலும் நிலத்திலும் குதிப்புப் பயிற்சி: புன்னக்காயல் கழிமுகத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

பிளையோமெட்ரிக் எனப்படும் குதிப்புப் பயிற்சியை நிலத்திலும் நீரிலும் மேற்கொள்ளும்போது வீரரின் உடல்மீது செயற்படும் விசைகள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை விளக்கி, நீச்சல்குளத்திற்கென வகுத்த பயிற்சியைக் கழிமுகத்தில் அவ்வாறே பின்பற்ற இயலாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பிளையோமெட்ரிக், மிதப்பு விசை, நீராழம், கழிமுகம், புன்னக்காயல்

முன்னுரை

சோவியத் அறிஞர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960களில் உருவாக்கிய அதிர்ச்சி முறை இப்பயிற்சிக்கு அடித்தளமிட்டது. பிளையோமெட்ரிக் என்னும் பெயரை 1975இல் அமெரிக்கரான ஃபிரெட் வில்ட் வழங்கினார். குதித்து இறங்கும்போது தொடைத்தசை விரைந்து நீள்கிறது. உடனே சுருங்கி உடலை மேலே உந்துகிறது. இந்த நீட்சி–சுருக்கச் சுழற்சியின் விரைவே தாவலுக்கு ஆற்றல் தருகிறது. ஆயினும், ஒவ்வோர் இறக்கத்திலும் உடல் எடையைப்போல் பல மடங்கு விசையை முழங்காலும் கணுக்காலும் தாங்க வேண்டியுள்ளது.

நீரின் இயல்பு

60 கிலோ எடையுள்ள வீரர் இடுப்பளவு நீரில் நிற்கும்போது பாதங்கள் தாங்கும் எடை ஏறத்தாழ 30 கிலோ. மார்பெலும்பின் கீழ்முனைவரை மூழ்கினால் ஏறத்தாழ 20 கிலோ. எழும்போது நீரின் எதிர்ப்பு தசைக்கு வேலை தருகிறது. இறங்கும்போது மிதப்பு விசை வேகத்தைத் தணிக்கிறது. இதனால் மூட்டின் சுமை குறைகிறது. தசை விரைந்து நீளும் தூண்டலும் உடன் குறைகிறது. நன்மையும் குறையும் ஒரே காரணத்தினின்று பிறக்கின்றன.

முந்தைய ஆய்வுகள்

டோனஹியூ குழுவினர் (2011) நீரில் இறக்க விசையின் உச்சம் 33 முதல் 54 விழுக்காடு வரை குறைவதை அளந்தனர். மார்டெல் குழுவினரின் ஆய்வில் (2005), ஆறு வாரம் நீரில் குதித்த கைப்பந்து வீராங்கனைகளின் செங்குத்துத் தாவல் 11 விழுக்காடு உயர்ந்தது. நெகிழ்வுப் பயிற்சி பெற்றோர்க்கு 4 விழுக்காடு. இது நீர்ப்பயிற்சி பயன் தரும் என்பதற்குச் சான்றேயன்றி, நிலப்பயிற்சியை விஞ்சும் என்பதற்குச் சான்றன்று. இரண்டையும் நேரே ஒப்பிட்ட ராபின்சன் குழுவினர் (2004), எட்டு வார முடிவில் இரு குழுவினரும் ஒத்த முன்னேற்றம் பெற்றதையும், நீர்க்குழுவினர்க்குத் தசைவலி குறைந்திருந்ததையும் கண்டனர்.

கழிமுகச் சூழல்

இவ்வகை நீர்ப்பயிற்சிகள் சமதளமும் நிலையான ஆழமும் உடைய குளங்களுக்கென வகுக்கப்பட்டவை. தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் புன்னக்காயலில் இவ்விரண்டும் இல்லை. இக்கரையில் ஓத ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆனால் இடுப்புக்கும் மார்பெலும்பின் கீழ்முனைக்கும் இடைப்பட்ட உயரம் ஏறத்தாழ 30 செ.மீ. மட்டுமே. ஆகவே, காலையில் பாதி எடையுடன் குதித்த வீரர், ஓதம் ஏறியபின் அதே இடத்தில் மூன்றில் ஒரு பங்கு எடையுடன் குதிக்க நேரலாம். எண்ணிக்கை மாறாதிருப்பினும் பயிற்சி மாறிவிடுகிறது. அடிச்சேறும் நீரோட்டமும் இறக்கத்தின் உறுதியைக் குலைக்கும். உப்புநீரின் கூடுதல் அடர்த்தி ஏறத்தாழ 2.5 விழுக்காடே என்பதால் அதன் தாக்கம் சிறிது.

குளம் இல்லாத கடற்கரை ஊர்களுக்கு மணல் ஒரு மாற்றாகும். இம்பெல்லிசேரி குழுவினர் (2008) கால்பந்து வீரர்களிடம் நிகழ்த்திய ஆய்வில், புல்தரையைவிட மணலில் தசைவலி குறைந்தது; எனினும் எதிரசைவுத் தாவலில் புல்தரைக் குழுவினரே மிகுந்த முன்னேற்றம் பெற்றனர்.

முடிவுரை

நிலப்பயிற்சியில் பெட்டியின் உயரத்தைக் குறிப்பதுபோல, நீர்ப்பயிற்சியில் ஒவ்வொரு வீரரின் உடலிலும் நீர்மட்டம் எட்டும் இடத்தைக் குறித்தல் வேண்டும். அக்குறிப்பில்லாத ஆய்வுகளின் முடிவுகளை ஒப்பிடுதல் அரிது. பருவத் தொடக்கத்திலும் காயத்திலிருந்து மீளும் காலத்திலும் நீரும் மணலும் துணைபுரியும். போட்டி நெருங்குகையில் வீரர் உறுதியான நிலத்திற்குப் படிப்படியாகத் திரும்புதல் இன்றியமையாதது.