பெயர் ஒன்று, நடத்தை வேறு

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, மேக்ஓஎஸ் எல்லாமே யூனிக்ஸ் பாணியில் அமைந்த இயங்குதளங்கள்தான். அதனால் ஒன்றுக்காக எழுதிய நெட்வொர்க் மென்பொருள் மற்றதிலும் அப்படியே ஓடிவிடும் என்று தோன்றும். ஓடாது. மாற்றிப் பொருத்த வேண்டும். கணினித் துறையில் இதற்குப் பெயர் போர்ட்டிங்.

முகவரி விஷயத்திலேயே சிக்கல் ஆரம்பிக்கிறது. ஐபிவி4 முகவரியைத் தாங்கும் கட்டமைப்பு லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் 16 பைட்தான். ஆனால் ஃப்ரீபிஎஸ்டியில் முதல் பைட் நீளத்தைக் குறிக்கும். லினக்ஸில் முதல் இரண்டு பைட்டும் முகவரி வகைக்கே போய்விடும். ஐபிவி6 வகைக்கான எண் லினக்ஸில் 10, ஃப்ரீபிஎஸ்டியில் 28, மேக்ஓஎஸ்ஸில் 30.

தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உலகெங்கும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச், 1999-ல் ஓப்பன்பிஎஸ்டி குழுவிடமிருந்து வந்தது. வேலையை அவர்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். ஓர் அணி ஓப்பன்பிஎஸ்டிக்கு மட்டும் எழுதும். இன்னோர் அணி அதை மற்ற அமைப்புகளுக்குப் பொருத்தும். அப்படிப் பொருத்திய பதிப்பின் எண்ணில் ‘பி’ சேரும். ஓப்பன்பிஎஸ்டியில் இருக்கும் ஒரு ஃபங்ஷன் வேறெங்காவது இல்லையென்றால், மாற்று நிரலும் கூடவே அனுப்பப்படும்.

இல்லாததை எழுதிச் சேர்த்துவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே பெயரில் இருந்து, நடத்தை மட்டும் மாறுவதுதான் ஆபத்து.

2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எச் ஓட்டை அப்படிப்பட்டது. இணைந்தவர் 120 விநாடிக்குள் தன்னை நிரூபிக்காவிட்டால், சர்வர் செய்துகொண்டிருக்கும் வேலை பாதியில் நிறுத்தப்பட்டு, சிஸ்லாக் வழியாகப் பதிவு எழுதப்படும். இதற்கென்றே பாதுகாப்பான சிஸ்லாக் ஓப்பன்பிஎஸ்டியில் உண்டு. லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி நிரல் நூலகத்தின் சிஸ்லாக்கோ, அந்த நேரத்தில் நினைவக ஒதுக்கீட்டில் கைவைக்கும். நின்றுபோன வேலையும் அதே ஒதுக்கீட்டின் நடுவில் இருந்தால் எல்லாம் குழம்பும்; பொறுமையான தாக்குநர் சர்வரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம்.

இந்தப் பிழை 2006-லேயே திருத்தப்பட்டதுதான். பாதுகாப்பாக அழைக்க முடியாத அமைப்புகளில் அந்தப் பதிவைத் தவிர்க்க ஒரு நிபந்தனை வரி காவலுக்கு இருந்தது. 2020 அக்டோபரில் நிரலை மாற்றி அமைத்தபோது அது விடுபட்டுப்போனது. 2021 மார்ச்சில் வந்த 8.5பி1 பதிப்போடு பழைய ஓட்டை திரும்பியது. ஓப்பன்பிஎஸ்டி கணினிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

குவாலிஸ் அறிவித்த அன்றே வெளியான 9.8பி1 இதைச் சரிசெய்தது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் சேர்த்துவிடும். எனவே லினக்ஸ் சர்வர் நடத்துபவர்கள் பதிப்பு எண்ணை மட்டும் நம்பாமல், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.