தூண்டில் வீசித் தேறும் கைகள்

மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் பல பெண்களுக்குக் கையை உயர்த்துவதே சிரமம். இத்தகைய பெண்களுக்காக ஐக்கிய அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் 1996இல் ஆரம்பிக்கப்பட்டது 'காஸ்டிங் ஃபோர் ரிக்கவரி' அமைப்பு. ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, பூச்சித் தூண்டில் வீச இலவசமாகக் கற்பிக்கிறார்கள்.

இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சிக்குப் பாரமில்லை. தடித்த தூண்டில் நூலின் பாரமே அதைக் கொண்டுசெல்லும். எனவே பலம் தேவையில்லை. நூல் பின்னால் முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னே வீசவேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் செய்யும் கைப்பயிற்சியை ஒத்த மென்மையான அசைவு இது. தூண்டில் முள் படாதிருக்கத் தொப்பியும் கண்ணாடியும் அவசியம். பிடித்த மீனை நனைத்த கையால் தொட்டு ஆற்றிலேயே விடுவார்கள்.

ஒரே நோயைக் கடந்தவர்கள் ஒன்றாக நின்று மனம்விட்டுப் பேசுவதும் மருந்துதான்.

சகோதரிகளே, வலிக்குப் பயந்து கையை மடக்கியே வைத்திருக்காதீர்கள். பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.