மென்பொருள் யார் சொத்து?

ரவீந்திரநாத் தாகூர் 1941-ல் மறைந்தார். அன்றைய சட்டப்படி அவர் எழுத்துக்கான பதிப்புரிமை 1991 டிசம்பர் 31-ல் தீர வேண்டும்; மறுநாளிலிருந்து கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டில் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கெடு முடியச் சில நாள் இருக்கையில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, ஐம்பது ஆண்டை அறுபதாக்கியது. உரிமையை வைத்திருந்த விஸ்வபாரதி பல்கலைக்கழகத்துக்கு இன்னும் பத்து ஆண்டு கிடைத்தது.

உரிமையோடு பணம் மட்டுமல்ல, அதிகாரமும் வரும். அப்போது தாகூர் பாடலை இசைத்தட்டாக்க விஸ்வபாரதி இசைக் குழுவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. கொல்கத்தா கொண்டாடிய பாடகர் தேவபிரத பிஸ்வாஸின் பதிவுகளை, வாத்தியம் அதிகம் என்று அந்தக் குழு ஆட்சேபித்தது. மனம் வெறுத்து, ரவீந்திர சங்கீதம் பதிவு செய்வதையே அவர் விட்டுவிட்டார். நம் பக்கத்திலோ பாரதி பாடல்களின் உரிமையை 1949-ல் அரசே எடுத்துக்கொண்டு, பிறகு மக்களுக்கு விட்டுக்கொடுத்தது. எனக்கு இந்த வழிதான் சரியென்று படுகிறது.

மென்பொருளும் தாகூர் எழுத்துக்குப் பொருந்திய அதே 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள்தான் வருகிறது, கதை கவிதை போல இலக்கியப் படைப்பு என்ற கணக்கில். ஆயுளும் அதேதான்: எழுதியவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு. (அத்தனை நாள் எந்த மென்பொருள் உயிரோடு இருக்கிறது?) கடையில் விற்கும் மென்பொருள் விற்பனை வரிக்கு உட்பட்ட சரக்கு என்று 2004-ல் டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் நாம் வாங்குவது பெரும்பாலும் ஒரு பிரதியைப் பயன்படுத்தும் அனுமதியைத்தான். வெறும் தகவலுக்கோ இந்தச் சட்டத்தில் சொந்தக்காரரே கிடையாது. நீதிமன்றத் தீர்ப்பின் மூல வாசகம் எந்தப் பதிப்பகத்துக்கும் சொந்தமல்ல என்பது 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கிலேயே முடிவாகிவிட்டது.

ஆபத்து கடை மேசையில் தொடங்குகிறது. கொல்கத்தா சாந்தனி மார்க்கெட்டோ, சென்னை ரிச்சி தெருவோ, அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி "எல்லாம் போட்டாச்சு" என்பார்கள். பில்லில் மதர்போர்டு, ரேம், கேபினெட் இருக்கும். மென்பொருளைப் பற்றி ஒரு வரி இருக்காது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் பிரிவு 63பி பாயும்: ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்கோ லாபத்துக்கோ அல்லாத பயன்பாடு என்றால், தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். மென்பொருளின் பெயரையும் உரிம எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் லினக்ஸும் லிபர் ஆபீஸும் போடச் சொல்லுங்கள். காசும் இல்லை, பயமும் இல்லை.

முறையாக வாங்கியவர், பிரதி அழிந்தாலோ கெட்டாலோ உதவக் காப்புப் பிரதி எடுத்து வைக்கலாம். பிரிவு 52 அதை அனுமதிக்கிறது.

அலுவலகத்துக்கு "உரிமத் தணிக்கை" என்று மிரட்டல் கடிதம் வரும். அனுப்பியவரிடம் உரிமையாளர் தந்த அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். தனியார் முகவர் உங்கள் அனுமதியின்றி உள்ளே வந்து கம்ப்யூட்டரைத் திறக்க முடியாது. அது போலீசுக்கும் நீதிமன்றம் நியமிக்கும் ஆணையருக்கும் உரிய வேலை. மிரட்டலுக்கு அடிப்படையே இல்லையென்றால், பிரிவு 60-ன் கீழ் நீங்களே வழக்குப் போட்டுத் தடையும் நஷ்டஈடும் கேட்கலாம்.

வேலையில் எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே. விலகும்போது வாடிக்கையாளர் பட்டியலை அனுமதியின்றி நகலெடுத்துப் போவதும் லேசான காரியமல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு சிறை, 5 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும். தரவைப் பறிகொடுத்தவர், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் முன்பு 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கோரலாம்.

எந்தக் கடிதத்துக்கும் பணம் கட்டும் முன், கையெழுத்துப் போடும் முன், ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.